பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி: மாட்டுங்கா முதல் போயிசர் வரை

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவி, முலுண்டு என்று எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "நீட் கைகொடுக்கல, ஜே.இ.இ.யும் சுமார்தான். பேசாம பி.எஸ்சி. கெமிஸ்ட்ரில சேர்த்துடலாமா?" பதில் சொல்லும் மாமா பெரும்பாலும் வங்கியிலோ ரயில்வேயிலோ இருந்தவர். "படிச்சு முடிச்சு பி.எட். பண்ணினா டீச்சர் ஆகலாம்" என்பதோடு முடித்துக்கொள்வார். டீச்சர் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கெமிஸ்ட்ரிக்கு அது ஒன்றுதான் வழி என்று மும்பையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது வேடிக்கை.

செம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். மாஹுலில் பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் இரண்டுக்கும் சுத்திகரிப்பு ஆலைகள். பக்கத்தில் ஆர்.சி.எஃப். உர ஆலை. அதைத் தாண்டினால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். இந்தப் பக்கம் ஆன்டாப் ஹில்லில் காப்புரிமை அலுவலகம், கலீனாவில் பல்கலைக்கழக வேதியியல் துறையும் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகமும். டிரான்ஸ் ஹார்பர் பாதையில் தானே-பேலாப்பூர் தொழிற்பேட்டை; அங்கே பழைய ரசாயன ஆலைகள் பல இப்போது ஐ.டி. கட்டடங்களாகிவிட்டாலும் ஆர் அண்டு டி லேப்கள் இன்னும் இருக்கின்றன. டோம்பிவிலி, அம்பர்நாத், தளோஜா என்று மருந்து மூலப்பொருள் ஆலைகள் மத்திய ரயில்வே பக்கம் விரிகின்றன. மேற்கு ரயில்வேயில் போயிசரில் இறங்கினால் மாநில அரசின் தொழிற்பேட்டையான தாராப்பூர் எம்.ஐ.டி.சி.

மாட்டுங்காவிலேயே ஐ.சி.டி. என்ற ரசாயனத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. 1933இல் மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது என்பதால் பழையவர்களுக்கு அது இன்னும் யு.டி.சி.டி.தான். டாக்டர் ரெட்டீஸ் நிறுவிய அஞ்சி ரெட்டி, கார்டா கெமிக்கல்ஸ் நிறுவிய கேகி கார்டா இருவரும் அங்கே படித்தவர்கள். அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையிலிருந்து வந்த கே. வெங்கடராமன், சாய வேதியியலில் உலகப் பெயர். 1938இல் பொறுப்பேற்றவர், 1957இல் புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகமான என்.சி.எல்.லுக்கு முதல் இந்திய இயக்குநராகப் போனார். எம்.எஸ்சி. ஆர்கானிக்கில் வரும் பேக்கர்-வெங்கடராமன் மறுசீரமைப்பு வினை அவர் பெயரில் உள்ளதுதான். அந்த மெக்கானிசத்தை இரவெல்லாம் மனப்பாடம் செய்யும் மாட்டுங்காப் பிள்ளைகளில் பலருக்கு அவர் அதே பேட்டையில் வேலை பார்த்தவர் என்பது தெரியாது.

ஆக, வேலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வேறு இடத்தில். பட்டம் வாங்கி வருகிறவர்களில் பெரும்பகுதியினர் லேபில் உண்மையான அளவை எழுதிப் பழகாதவர்கள். எதிர்பார்த்த விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ஜர்னலில் நிரப்பிப் பழகியவர்கள். இந்தத் தொழிலில் சம்பளமே அந்த ஒரு விஷயத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்: வந்த எண்ணை வந்தபடி எழுத வேண்டும், அது ஏன் தப்பாக வந்தது என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

முதலில் எந்தப் படிப்பு

கெமிஸ்ட்ரியும் கெமிக்கல் இன்ஜினியரிங்கும் ஒன்று என்று நினைக்கும் பெற்றோர் நிறைய. எந்த வினையால் எந்தப் பொருளைச் செய்யலாம், அது சுத்தமாக வந்ததா என்று பார்ப்பது கெமிஸ்ட்ரி. அதையே ஐந்து டன் அளவில் செய்ய எவ்வளவு பெரிய பம்பு, எத்தனை சதுர மீட்டர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பார்ப்பது கெமிக்கல் இன்ஜினியரிங். ஐ.சி.டி.யின் பி.டெக்., கெமிக்கல் இன்ஜினியரிங் இடங்களுக்கு எம்.எச்.டி. சி.இ.டி., ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வேண்டும். பி.எஸ்சி.க்கு சயானில் எஸ்.ஐ.இ.எஸ்., மாட்டுங்காவில் ரூயா, கால்சா, வித்யாவிஹாரில் சோமையா, முலுண்டில் கேல்கர்-வஸே, கல்யாணில் பிர்லா என்று வீட்டுக்குப் பக்கமே கிடைக்கும். கல்லூரியின் பெயரைவிட அங்கே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல் நடக்கிறது, மாணவர் கையில் கருவியைக் கொடுக்கிறார்களா அல்லது டெமோ மட்டுமா என்று சீனியர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பி.ஃபார்ம்.தான் மேல் என்று சிலர் சொல்வார்கள். மெடிக்கல் ஷாப் வைக்க வேண்டும் என்றால் அவர்கள் சொல்வது சரி, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியை வைத்துப் பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் மருந்து ஆலையில் நிலைமை வேறு. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி உற்பத்தியை மேற்பார்வையிடும் பொறுப்புக்கு, பார்மசி பட்டதாரி என்றால் 18 மாத அனுபவம் போதும். கெமிஸ்ட்ரியை முதன்மைப் பாடமாக எடுத்த அறிவியல் பட்டதாரிக்கு 3 ஆண்டு அனுபவம் வேண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவே.

புதிய கல்விக் கொள்கையின்படி மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கி வெளியேறலாம், நான்காம் ஆண்டு இருந்து ஹானர்ஸ் வாங்கலாம். ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் தேவை. நான்கு ஆண்டு முடித்தவருக்கு எம்.எஸ்சி. ஓராண்டுதான். ஆராய்ச்சிப் பக்கம் மனம் இல்லாதவர் நான்காம் ஆண்டைக் கல்லூரியில் கழிப்பதைவிட, மூன்றோடு இறங்கி ஓராண்டு ஆலையில் வேலை பார்த்துவிட்டு எம்.எஸ்சி.க்குத் திரும்புவது நல்லது என்பது என் கட்சி. அந்த ஓராண்டு, எந்தப் பிரிவை எடுப்பது என்ற கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லிவிடும்.

மூன்று வருடத்தில் கையில் ஏற வேண்டியவை

கியூ.சி. எனும் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கான நேர்முகத்தில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர் எப்படித் தயாரிப்பீர்கள்?" நார்மல், மோலார் இரண்டும் கரைசலின் செறிவைச் சொல்லும் அளவுகள், இந்த அமிலத்துக்கு இரண்டும் ஒன்றே. அடர் அமிலம் சுமார் 12 மோலார். ஆகவே சுமார் 8.5 மி.லி. எடுத்து, பாதியளவு தண்ணீர் இருக்கும் குடுவையில் ஊற்றி, ஆறவிட்டு, ஒரு லிட்டருக்கு நிரப்ப வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை அல்ல. இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்வியில்தான் பாதிப் பேர் நிற்பார்கள்: "சரி, அது 0.1 என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" தெரியாது என்பதுதான் விடை. பாட்டிலில் 37 சதவீதம் என்று போட்டிருந்தாலும் திறந்து மூடத் திறந்து மூட ஹைட்ரஜன் குளோரைடு வாயு போய்க்கொண்டே இருக்கும். அதனால் உலர்த்திய சோடியம் கார்பனேட்டை எடைபோட்டு, அதற்கெதிராக டைட்ரேட் செய்து, அதாவது அதோடு முழுதாக வினைபுரிய எவ்வளவு அமிலம் செலவாகிறது என்று அளந்து, உண்மையான நார்மாலிட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். 0.0987 வந்தால் 0.0987 என்றுதான் லேபிள்.

சோடியம் ஹைட்ராக்சைடு இன்னும் மோசம். 0.1 நார்மலுக்கு ஒரு லிட்டருக்கு 4 கிராம் என்று கணக்கு எளிதாக வரும். ஜூலை மாத மும்பை ஈரக்காற்றில் அந்த வில்லைகளை வாட்ச் கிளாசில் வைத்து எடை பார்த்தால், பார்க்கப் பார்க்க எண் ஏறும். தண்ணீரை இழுக்கிறது, கூடவே காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடையும். இதைப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் சரிபார்க்க வேண்டும். அதன் மூலக்கூறு எடை 204.22, அரை கிராம் எடுத்தால் 0.1 நார்மலில் ஏறக்குறைய 24.5 மி.லி. செலவாகும். ஏன் அரை கிராம், ஏன் 0.05 கிராம் கூடாது என்று கேட்டால், 2.4 மி.லி. மட்டும் செலவாகும் டைட்ரேஷனில் பியூரெட்டை 0.05 மி.லி. தவறாகப் படித்தாலே 2 சதவீதப் பிழை என்று சொல்லத் தெரிய வேண்டும்.

தராசும் அப்படித்தான். 0.1 மி.கி. வரை காட்டும் தராசில் 10 மி.கி. எடை போட்டால் கடைசி இலக்கம் ஒன்று ஆடினாலே 1 சதவீதம் போயிற்று. அதனால்தான் மருந்தை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சுத்தம் தெரிந்த பொருளை, அதாவது ஸ்டாண்டர்டை, சின்ன அளவில் எடைபோட ஐந்து இலக்கத் தராசு வைத்திருக்கிறார்கள், அல்லது அதிகமாக எடைபோட்டுப் பிறகு நீர்க்கச் செய்கிறார்கள். பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதி வெளியேற்றக் கூடாது என்பதைப் பலருக்கு வேலைக்குப் போன பிறகுதான் யாரோ சொல்கிறார்கள்.

பி.எச்.சை, அதாவது அமில-கார அளவை, மாறாமல் பிடித்து வைக்கும் பஃபர் கரைசல் இன்னொரு கண்ணி. பாஸ்பேட் பஃபர் என்றால் எந்த பி.எச்.சுக்கும் ஆகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்புகள், அதாவது அதன் ஒவ்வொரு புரோட்டானும் பாதியளவு பிரியும் பி.எச்.கள், 2.1, 7.2, 12.3. பஃபர் அந்த எண்களுக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே வரைதான் வேலை செய்யும். 4.5க்குப் பாஸ்பேட்டில் தயாரித்தால் மீட்டர் 4.5 காட்டும், ஒரு சொட்டு அமிலம் விழுந்தால் ஓடிவிடும். அங்கே அசிட்டேட் வேண்டும், அதன் பி.கே.ஏ. 4.76. அதேபோல் 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன என்று கேட்டால் 8 என்று சொல்லிவிடாதீர்கள். அமிலம் எப்படிக் காரமாகும்? தண்ணீரின் சொந்த அயனிகளையும் சேர்த்தால் 6.98 வரும்.

இதெல்லாம் முதலாண்டுப் பாடம். அதுதான் சங்கடமே. கல்லூரி பிராக்டிகலில் மூன்று ரீடிங்கும் 10.3, 10.3, 10.3 என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆலையில் அதே மூன்று எண்ணைக் கண்டால் மேனேஜர் சந்தேகப்படுவார், 10.25, 10.30, 10.30 என்று இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

கியூ.சி.: எச்.பி.எல்.சி. முன்னால் எட்டு மணி நேரம்

மும்பை வட்டாரத்தில் கெமிஸ்ட்ரி பட்டதாரிகள் அதிகமாகப் போய்ச் சேரும் இடம் மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு லேப். மாத்திரை என்றால் அது கரையும் வேகத்தைப் பார்க்கும் டிசொல்யூஷன் சோதனை: பெரும்பாலும் 900 மி.லி. திரவம், 37 டிகிரி, அரை டிகிரிக்கு மேல் விலகக் கூடாது, துடுப்பு நிமிடத்துக்கு 50 அல்லது 75 சுற்று. ஈரப்பதத்துக்குக் கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன். மழைக்காலத்தில் மாதிரியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் ரிசல்ட்டில் மழையும் சேர்ந்து வரும். மீதி நேரமெல்லாம், கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவியான எச்.பி.எல்.சி.

கருவியின் தத்துவம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். நடைமுறை வேறு. பொருள்களைப் பிரிக்கும் குழாய்க்குக் காலம் (column) என்று பெயர். வழக்கமான காலம் 250 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. உள்விட்டம், உள்ளே சி18 படலம் ஒட்டவைத்த 5 மைக்ரான் சிலிக்காத் துகள். ஓட்டம் நிமிடத்துக்கு 1 மி.லி. காலத்தின் வழியே ஓடும் திரவமான மொபைல் ஃபேசை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, சானிகேட்டரில் வைத்துக் காற்றை நீக்க வேண்டும். இதைச் சோம்பலால் விட்டால் பம்புக்குள் குமிழி புகுந்து பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அடிக்கோடு அலையடிக்கும். பி.எச்.சை அசிட்டோநைட்ரைல் கலப்பதற்கு முன்பே, வெறும் பஃபரில் சரிசெய்ய வேண்டும். கலந்த பிறகு மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் மாறிவிடும். மருந்தின் பி.கே.ஏ.வுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் பி.எச். 0.1 மாறினாலே பீக், அதாவது திரையில் மருந்தைக் காட்டும் முகடு, வரும் நேரம் நகர்ந்துவிடும். நேற்று 7.2 நிமிடத்தில் வந்தது இன்று 7.9இல் வருகிறது என்றால், கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் நேற்றைய பஃபரையும் இன்றைய பஃபரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிதாகச் சேருகிறவர்கள் அடிக்கடி காலத்தைப் பாழாக்குவது ஒரே விதத்தில்: வேலை முடிந்ததும் பாஸ்பேட் பஃபரிலிருந்து நேராக நூறு சதவீத அசிட்டோநைட்ரைலுக்கு மாற்றிவிடுவது. உப்பு அதில் கரையாது. குழாயில், பம்பு சீலில், காலத்தின் வாயிலுள்ள ஃபிரிட்டில் வீழ்படிவாகும். மறுநாள் காலை பிரஷர் ஏறிக் கருவி தானாக நின்றுவிடும். முதலில் 90 பங்கு தண்ணீர், 10 பங்கு அசிட்டோநைட்ரைல் கலவையை அரை மணி நேரம் ஓட்டி உப்பைக் கழுவிவிட்டு, பிறகுதான் ஆர்கானிக் அளவைக் கூட்ட வேண்டும். மறுநாள் மொபைல் ஃபேசைப் போட்டவுடன் மாதிரியை ஊசியில் செலுத்தவும் கூடாது. அந்த அளவுக் காலத்துக்குள் சுமார் 2.5 மி.லி. திரவம்தான் நிற்கும், அதைப்போல் 10 முதல் 20 மடங்கு ஓட வேண்டும் என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருப்பு. சிலிக்கா காலத்தை பி.எச். 8க்கு மேலே கொண்டுபோனால் சிலிக்கா கரையத் தொடங்கும், 2க்குக் கீழே கொண்டுபோனால் அதில் ஒட்டவைத்த சி18 படலம் பிரியத் தொடங்கும்.

பீக்கின் உருவம் பேசும். வால் நீண்டால், அமீன் வகை மருந்து சிலிக்காவின் மேற்பரப்பில் மூடப்படாமல் மிச்சமிருக்கும் சிலனால் குழுக்களில் ஒட்டுகிறது, அல்லது காலம் கிழடாகிவிட்டது. பீக் இரண்டாகப் பிளந்தால், மாதிரியைச் சுத்த மெத்தனாலில் கரைத்துத் தண்ணீர் மிகுந்த மொபைல் ஃபேசில் செலுத்தியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்கலாம். மொபைல் ஃபேசிலேயே கரைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அளவிடும் சோதனைகளில் ஒரே ஸ்டாண்டர்டை ஐந்து அல்லது ஆறு முறை செலுத்தி, ஆர்.எஸ்.டி. (எண்களுக்கிடையிலான சிதறல்) 2.0 சதவீதத்துக்குள், டெய்லிங் (பீக்கின் வால் நீளும் அளவு) 2.0க்குள் இருந்தால்தான் மாதிரிக்கே போகலாம் என்பது வழக்கமான நிபந்தனை.

ரிசல்ட் எல்லைக்கு வெளியே வந்தால்? கல்லூரிப் பழக்கம் "இன்னொரு தரம் போட்டுப் பார்" என்று சொல்லும். அதைத்தான் செய்யக் கூடாது. ஓ.ஓ.எஸ். (எல்லைக்கு வெளியே) என்று பதிவு செய்து, லேப் பிழை இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்: எடை, நீர்த்தல், குடுவை, ஸ்டாண்டர்ட், கருவி. கரைசல்களைக் கொட்டாமல் வைத்திருந்தால்தான் விசாரணையே நடக்கும். காரணம் கிடைக்காமல் பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் பெரிய குற்றமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். துண்டுச்சீட்டில் எடையை எழுதிவைத்துப் பிறகு நோட்டில் அழகாக எழுதுவது, கணினிக் கடிகாரத்தை மாற்றுவது, பெயர் போடாமல் 'ட்ரையல்' ஊசி போட்டுப் பார்ப்பது எல்லாம் ஆடிட்டில் மாட்டும், யார் எப்போது என்ன செய்தார் என்பதைக் கணினியின் ஆடிட் டிரெயில் தானாகப் பதிந்து வைத்திருக்கும். ஒருவருடைய வேலை மட்டும் போகாது. அந்த ஆலையின் ஏற்றுமதியே நின்றுபோகலாம். ஜர்னல் காப்பி அடித்த கை இங்கே ஆபத்தான கை.

சேரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா? ஷிஃப்ட் உண்டா, கம்பெனி பஸ் எந்த ஸ்டேஷனிலிருந்து? சயானிலிருந்து போயிசர் ஒரு பக்கமே இரண்டு மணி நேரத்துக்கு மேல். அது தெரியாமல் சேர்ந்து மூன்றே மாதத்தில் விடுகிறவர்கள் நிறைய. வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

உற்பத்தி

பி.எஸ்சி.யோடு நிறுத்துகிறவருக்கு ஒரு நல்ல வழி இருந்தும் தமிழ் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் 'அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளான்ட்' என்ற பயிற்சி, ஏ.ஓ.சி.பி. என்பார்கள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியோடு அந்தச் சான்றிதழும் இருந்தால், ஆர்.சி.எஃப். போன்ற பொதுத்துறை ஆலைகளின் ஆபரேட்டர் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம். லேப் பக்கம் போகிறவர்களுக்கு அதே மாதிரி லேபரட்டரி அசிஸ்டன்ட் பயிற்சியும் உண்டு.

தனியார் ஆலையில் உற்பத்தி என்றால் ஜி.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி பூசிய ரியாக்டர்), எஸ்.எஸ். ரியாக்டர், சென்ட்ரிஃபியூஜ், டிரையர், கையில் பேட்ச் ரெக்கார்டு. இங்கே படிப்பு எங்கே உதவும் என்றால், சூடு என்ற ஒரே விஷயத்தில். ஒரு லிட்டர் குடுவையில் செய்த வினையை ஆயிரம் லிட்டருக்குக் கொண்டுபோனால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு. சூட்டை வெளியே விடும் சுவரின் பரப்பு நூறு மடங்குதான். அதனால் லேபில் 20 நிமிடத்தில் சொட்டுச்சொட்டாக விட்டதை ஆலையில் நான்கைந்து மணி நேரம் விட வேண்டியிருக்கும். நைட்ரேஷன், டயசோடைசேஷன், கிரிக்னார்டு என்று சூட்டைக் கக்கும் வினைகள் எல்லாம் இந்த வகை.

விபத்து வருவது பெரும்பாலும் வேகமாகச் சேர்ப்பதால் மட்டுமல்ல. கலக்கி நின்றுபோயிருக்கும், சேர்ப்பது நிற்காது. அடியில் வினைபுரியாத பொருள் குவியும். யாரோ கவனித்துக் கலக்கியை மறுபடி போடுவார், குவிந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வினைபுரியும். பாதுகாப்பு என்று நினைத்து அளவுக்கு மேல் குளிர்த்தினாலும் இதே கதைதான்: வினை தூங்கும், பொருள் குவியும், பிறகு எழும். கிரிக்னார்டில் ஈதரும் மெக்னீசியமும் ஈரமில்லாமல் இருந்தால்கூடத் தொடக்கம் தாமதமாகலாம். தொடங்கிவிட்டது என்பதை வெப்பநிலையில் பார்த்து உறுதிசெய்யாமல், மெக்னீசியத்தோடு வினைபுரியும் ஹேலைடைக் கூட்டக் கூடாது. 2024 மே 23 அன்று டோம்பிவிலி எம்.ஐ.டி.சி.யில் நடந்த வெடிப்பில் பல உயிர்கள் போயின. சுற்றுவட்டாரக் கட்டடங்களின் கண்ணாடிகளும் உடைந்தன. உற்பத்தி வேலைக்குப் போகும் பிள்ளையிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், ரியாக்டரில் அழுத்தம் மீறினால் தானே கிழிந்து வெளியே விடும் ரப்ச்சர் டிஸ்க் இருக்கிறதா, இரவு ஷிஃப்டில் அவசரக் குளிரூட்டலுக்கு யார் பொறுப்பு என்று கேட்கச் சொல்லுங்கள்.

எம்.எஸ்சி.யும் அதற்கு மேலும்

மும்பையில் எம்.எஸ்சி. என்றால் எல்லோரும் ஆர்கானிக்குக்கு ஓடுகிறார்கள். ஆர் அண்டு டி என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு அப்படி. மூலக்கூறு கட்டுவதில் நிஜமான ஆசை உள்ளவருக்கு அது சரியான இடம்தான். அங்கே வாழ்க்கை டி.எல்.சி. தட்டு, ஒர்க்கப், படிகமாக்கல், என்.எம்.ஆர். என்று ஓடும். ஒவ்வொரு படியிலும் 80 சதவீதம் ஈட்டம் (கிடைக்கும் பொருளின் அளவு) என்று பெருமைப்பட்டாலும் பத்துப் படியில் மிஞ்சுவது 10.7 சதவீதம்தான். அதனால் பிராசஸ் கெமிஸ்ட்டின் மூளை பாதி நேரம் எந்தப் படியை ஒழிக்கலாம், எந்தக் கரைப்பானைத் திரும்பப் பிடிக்கலாம் என்றே ஓடும். அந்த ஆசை இல்லாமல் 'மதிப்பு' என்று ஆர்கானிக் எடுத்தவர்களில் பலர் கடைசியில் எச்.பி.எல்.சி. முன்னால்தான் உட்கார்கிறார்கள், அனலிட்டிகல் படித்தவரைவிடக் குறைவாகத் தெரிந்துகொண்டு. அனலிட்டிகல் எடுத்தவருக்கு மெத்தட் டெவலப்மென்ட், வேலிடேஷன், ஸ்டெபிலிட்டி என்று நேர்ப்பாதை. பிசிக்கல் எடுத்துக் கணினி வேதியியலில் பைத்தானும் கற்றவர் இன்னும் குறைவாகவே இருக்கிறார்கள்.

ஐ.ஐ.டி. பம்பாய் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு, பிப்ரவரியில். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் 30 கேள்விகளில் தப்புக்கு மூன்றிலொரு பங்கு கழியும். பல விடை சரியாக இருக்கும் 10 கேள்விகளிலும் எண் விடை கேட்கும் 20 கேள்விகளிலும் கழிவு இல்லை. எண் விடைப் பகுதியைக் கடைசியில் அவசரமாகப் பார்ப்பது பெரிய நஷ்டம். அதில் 30 மதிப்பெண் இருக்கிறது, வெறும் கணக்குப் பழக்கம்.

ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட். கெமிக்கல் சயின்சஸ் தாளில் ஏ பகுதி 20இல் 15, பி பகுதி 40இல் 35, சி பகுதி 60இல் 25 எழுதினால் போதும், மொத்தம் 200. சி பகுதியில் கேள்விக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 போகும். அறுபதில் உங்களுடைய இருபத்தைந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் தேர்வே. ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000. வாடகைப் படி தனி. பிஎச்.டி. ஐந்தாண்டு என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய ஆய்வுக்கட்டுரை எண்ணிக்கையைவிட, அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் வெளியே வந்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957 முதல் நடக்கிறது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் 60 சதவீதம், பொதுப் பிரிவுக்கு வயது 26க்குள். கேட் மதிப்பெண் வழியாகவோ அவர்களுடைய இணையத் தேர்வு வழியாகவோ நேர்முகத்துக்கு அழைப்பு வரும். நேர்முகம் நீளமானது, நீங்களே சொல்லும் இரண்டு பாடங்களில் அடி ஆழம்வரை தோண்டுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவருக்கு அங்கே மரியாதை உண்டு.

லேப் பிடிக்காத கெமிஸ்ட்டுக்கும் இடம் இருக்கிறது. ஆன்டாப் ஹில் காப்புரிமை அலுவலகத்தைச் சுற்றி ஒரு தொழிலே இருக்கிறது. அறிவியல் பட்டமும் 21 வயதும் இருந்தால் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆகத் தேர்வு எழுதலாம். காப்புரிமைச் சட்டத்தில் 2005 திருத்தம் மாற்றி எழுதிய 3(டி) பிரிவு, தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு, திறன் கூடியதாகக் காட்டாவிட்டால், காப்புரிமை இல்லை என்கிறது. புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்டதை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது இதன்படிதான். பாலிமார்ஃப் (ஒரே பொருளின் வேறு படிக வடிவம்), எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன், கரைதிறன் தெரியாத வக்கீலுக்கு அந்தத் தீர்ப்பில் பாதி புரியாது. மருந்துக்கு அரசு அனுமதி வாங்கும் ரெகுலேட்டரி அஃபேர்ஸ் வேலையும் இந்த வகைதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு லேப் அனுபவம் இல்லாமல் ஆறு மாத டிப்ளமோவை மட்டும் வைத்துக்கொண்டு அதில் நுழைய முயல்வது வீண் செலவு.

பெயிண்ட், பசை, சோப்பு, வாசனைத் திரவியம் என்று ஃபார்முலேஷன் வேலைகளும் இந்த ஊரில் ஏராளம். பாடத்திட்டம் இவற்றைத் தொடுவதே இல்லை. சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரியை ஒழுங்காகப் படித்தவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

மாநில அரசு வேலைகளுக்கு, கலீனா தடய அறிவியல் ஆய்வகம் உட்பட, மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தும் மராத்தியைக் கடைக்காரரோடு பேசுவதோடு நிறுத்திக்கொண்ட நம் பிள்ளைகள் இங்கே கோட்டைவிடுகிறார்கள். ஆலையிலும் ஆபரேட்டர்கள் மராத்தியும் இந்தியும் பேசுகிறவர்கள். "வால்வை மெதுவாகத் திற" என்பதை இரவு இரண்டு மணிக்கு அவர் மொழியில் சொல்லத் தெரியாத சூப்பர்வைசர் யாருக்கும் பயன்படமாட்டார்.

பயோடேட்டாவில் "எச்.பி.எல்.சி. அறிவு உண்டு" என்று ஒரு வரி எழுதுவதை விடுங்கள். எந்தக் காலம், எந்த மொபைல் ஃபேஸ், என்ன மாதிரி, ஆர்.எஸ்.டி. எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். புராஜெக்ட் தோல்வி என்றால் ஈட்டம் 12 சதவீதம் என்றே போடுங்கள், பக்கத்தில் ஏன் என்று உங்கள் ஊகத்தையும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அந்த 12இல்தான் விரலை வைப்பார். அடுத்த இருபது நிமிடம் பேச்சு அதைப் பற்றித்தான் இருக்கும்.